வெயிலைத் தின்னும் ஓணான்

1880களில் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பிறந்த சிங்கக் குட்டிகளில் பெரும்பாலானவை பெரிய சிங்கமாக ஆனதே இல்லை. பிறக்கும்போது நல்லாத்தான் பிறக்கும். தாயிடம் பால் போதவில்லை என்று சீக்கிரமே பிரித்து இறைச்சிக்குப் பழக்குவார்கள். இறைச்சி என்றால் கொழுப்பில்லாத குதிரை இறைச்சி. குதிரை எலும்பு குட்டியின் பல்லுக்கு அசையாது. சில மாதங்களில் கால் வளையும், எழுந்து நிற்கவே தடுமாறும். பிறகு செத்துப்போகும். ஈற்று ஈற்றாக இப்படியே போனது.

அங்கே இறந்த மிருகங்களை அறுத்துப் பார்த்து ஆராய்ந்தவர் ஜான் பிளாண்ட்-சட்டன் என்ற அறுவை மருத்துவர். குட்டிகளின் எலும்பில் அவர் பார்த்தது அந்தக் கால லண்டனின் ஏழைக் குழந்தைகளிடம் எல்லா மருத்துவர்களும் பார்த்த அதே நோய்தான்: ரிக்கெட்ஸ். அவர் சொன்ன வைத்தியமோ பாட்டி வைத்தியம் மாதிரி இருந்தது. எலும்பை நொறுக்கிப் போடுங்கள். பால் கொடுங்கள். காட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுங்கள். அவ்வளவுதான். கூண்டு அதே கூண்டு, சூடு அதே சூடு, வெளிச்சம் அதே வெளிச்சம். மூன்று மாதத்தில் நோயின் அடையாளமே இல்லை. குட்டிகள் வளர்ந்தன. 1889இல் பிளாண்ட்-சட்டன் இதை எழுதி வெளியிட்டார். எண்ணெயில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது; உலகத்தில் யாருக்குமே தெரியாது.

இன்று உலகம் முழுக்க லட்சக்கணக்கான வீடுகளில் ஒரு ஓணானுக்குத் தீனி போடும்போது பூச்சிகளின் மேல் ஒரு வெள்ளைப் பொடியைத் தூவுகிறார்கள். கால்சியம் பொடி, சில சமயம் வைட்டமின் டி சேர்த்தது. அந்தச் சிங்கக் குட்டிகளுக்குக் கிடைத்த எலும்புத்தூளும் மீன் எண்ணெயும்தான் இப்போது டப்பாவில் வருகிறது. இடையில் நூறு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. கூண்டில் வளரும் ஒரு குட்டிக்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற எளிய கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு காலமானது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தாடிக்காரன்

அந்த ஓணானை ஆங்கிலம் வழியாக எல்லோரும் பியர்டட் டிராகன் என்கிறார்கள். நாம் தாடி ஓணான் என்றே சொல்லலாம், தப்பில்லை. வேலியில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம்ம ஊர் ஓணானும் இதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். கோபம் வந்தால் தொண்டையை உப்பிக் கருப்பாக்கிக் காட்டும். முள்முள்ளான செதில்கள் விரிந்து தாடி மாதிரி நிற்கும். அதன் பேரினப் பெயரான போகோனா, தாடி என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

சொந்த ஊர் ஆஸ்திரேலியா. கிழக்குக் கரைப்பக்கம் வாழும் தாடி ஓணானுக்கு 1829இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே பெயர் வைத்தார். இன்று வீடுகளில் வளர்வது அதன் உறவான, உள்நாட்டு வறண்ட நிலங்களில் வாழும் போகோனா விட்டிசெப்ஸ். இதை 1926இல் விவரித்தவர் பெர்லினைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் ஆல். வேலிக் கம்பத்தின் மேலும் மரக்கட்டையின் மேலும் ஏறி வெயில் காய்வது இதன் முழுநேர வேலை.

ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதை 1960களிலேயே நிறுத்திவிட்டது. 1982இல் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. அப்படியென்றால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தனை தாடி ஓணான்கள் எப்படி? 1970களிலும் 80களிலும் பெரும்பாலும் கள்ளத்தனமாக ஐரோப்பாவுக்குப் போன சில ஓணான்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இவை என்பது வளர்ப்பவர்கள் மத்தியில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறு. அங்கிருந்து அமெரிக்கா. 1990களுக்குள் பண்ணை வைத்துப் பெருக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

ஆக, இன்று கண்ணாடித் தொட்டியில் இருக்கும் தாடி ஓணான் ஆஸ்திரேலியாவைப் பார்த்ததில்லை. அதன் அம்மாவும் பார்த்ததில்லை, பாட்டியும் பார்த்ததில்லை. ஆனால் உடம்பு இன்னும் அந்த ஊர்க் கணக்கில்தான் இயங்குகிறது. எவ்வளவு வெயில், எந்தப் பூச்சி, எப்போது இலை என்று எல்லாமே அந்தச் செம்மண் நிலத்தின் கணக்கு. அந்தக் கணக்கை வளர்ப்பவர்கள் தெரிந்துகொண்ட விதம் கொஞ்சம் கொடூரமானது. கணக்கு தப்பியபோதெல்லாம் குட்டி வளைந்தது, அல்லது செத்தது.

ஏன் குட்டி? அது வளரும் வேகத்தைப் பாருங்கள். முட்டையிலிருந்து வரும்போது வால் நுனி வரை சுமார் 10 செ.மீ., எடை இரண்டு மூன்று கிராம். நம் விரல் மேல் படுத்துக்கொள்ளும். ஒன்றரை வருடத்துக்குள் 40 செ.மீ.க்கு மேல் நீளம், முந்நூறு கிராமுக்கு மேல் எடை. நூறு மடங்கு. மூன்று கிலோவில் பிறந்த மனிதக் குழந்தை ஒன்றரை வயதில் முந்நூறு கிலோ ஆவதற்குச் சமம். அத்தனை எலும்பும் ஏதோ ஒன்றிலிருந்து வர வேண்டுமே.

ஒரு கையில் பட்ட வெளிச்சம்

சிங்கக் குட்டிகளிடம் திரும்புவோம். எண்ணெய் வேலை செய்கிறது, ஏன் என்று தெரியவில்லை. அந்த ‘ஏன்’ தெரிய முதல் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது.

புகை மூடிய தொழில் நகரங்களில் ரிக்கெட்ஸ் வீட்டுக்கு வீடு இருந்தது. சிலர் உணவுக் குறை என்றார்கள், சிலர் காற்றும் வெளிச்சமும் இல்லாத குறை என்றார்கள். இங்கிலாந்தில் எட்வர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்து ஓட்ஸ் உணவு கொடுத்து வளர்த்தார். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஓட்ஸ் அதிகம் சாப்பிடுபவர்கள், அவர்களிடம் ரிக்கெட்ஸும் அதிகம் என்பது அவருடைய யோசனை. குட்டிகளுக்கு நோய் வந்தது. மீன் எண்ணெய் கொடுத்தார், போய்விட்டது. 1919இல் முடிவுகளை வெளியிட்டார். ஆக, இது உணவுக் குறைதான்.

அதே 1919இல் பெர்லினில் கூர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர், ரிக்கெட்ஸ் முற்றிய குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் முன் உட்கார வைத்தார். புற ஊதாக் கதிர் வீசும் விளக்கு. உணவில் அவர் எதையும் கூட்டவில்லை. எலும்புகள் தேறின. இன்னொன்றும் செய்து பார்த்தார்: ஒரு குழந்தையின் ஒரு கையில் மட்டும் வெளிச்சம் படவிட்டார். எக்ஸ்-ரேயில் பார்த்தால் இரண்டு கையும் குணமாகியிருந்தன. வெளிச்சம் தோலில் எதையோ உண்டாக்குகிறது, அது ரத்தத்தில் உடம்பு முழுக்கப் போகிறது என்றுதானே இதற்கு அர்த்தம்? ஆக, இது வெளிச்சக் குறைதான்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. 1922இல் அமெரிக்காவில் எல்மர் மெக்காலம் மீன் எண்ணெயிலிருந்த வைட்டமின் ஏ-யை அழித்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் எண்ணெய் ரிக்கெட்ஸைக் குணமாக்கியது. ஏ, பி, சி ஏற்கெனவே இருந்ததால் இதற்கு டி என்று பெயரானது. அதே காலத்தில் வியன்னாவில் போருக்குப் பின்னான பஞ்சத்தில் ஹாரியட் சிக்கும் அவருடைய குழுவும் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் இதை உறுதி செய்தார்கள்: எண்ணெய் கொடுத்தாலும் குழந்தை தேறுகிறது, வெயிலில் போட்டாலும் தேறுகிறது. உடம்பு வெயிலிலிருந்து தானே செய்துகொள்ளும் பொருளைத்தான் மீன் தன் ஈரலில் சேமித்து வைத்திருக்கிறது.

நம் மொழியில் வெயிலைக் காய்வோம், குடிப்போம், வெயிலில் வாடுவோம். தின்பதில்லை. ஆனால் எலும்பைப் பொறுத்தவரை வெயிலும் ஒரு சாப்பாடுதான். கால்சியத்தை வயிறு முட்டத் தின்றாலும் வைட்டமின் டி இல்லாவிட்டால் குடல் அதை எடுத்துக்கொள்ளாது. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு தன் எலும்பையே கரைத்துச் சமாளிக்கும். வளரும் குட்டியில் இதன் விளைவு பயங்கரம். தாடை ரப்பர் மாதிரி வளையும், கால் நடுங்கும், முதுகு நெளியும். ஊர்வன வளர்ப்பவர்கள் இதை எம்.பி.டி. என்பார்கள்: மெட்டபாலிக் போன் டிசீஸ். பெயர் வேறு என்றாலும், கதை அந்தச் சேரிக் குழந்தையின் கதைதான்.

ஜோன் புராக்டரின் கண்ணாடி

உலகத்தின் முதல் ஊர்வன காட்சிக்கூடம் லண்டனில் 1849இல் திறந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பாம்பு, பார்க்க வருபவனுக்குப் பாதுகாப்பு: இதுதான் அதன் யோசனை. பாம்புக்கு என்ன வேண்டும் என்பது பிந்தி வந்த கேள்வி.

அந்தக் கேள்வியைக் கட்டடமாகவே எழுப்பியவர் ஜோன் பீச்சம் புராக்டர். 1897இல் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே தீராத உடல்நலக்குறைவு, அதோடு ஊர்வன மேல் தீராத ஆசை. 1923இல், இருபத்தாறு வயதில், லண்டன் மிருகக்காட்சி சாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளரானார். 1927இல் அவர் வடிவமைத்த புதிய ஊர்வனக் கூடம் திறந்தது. ஒவ்வொரு கூண்டிலும் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி, விலங்கு தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். சூடு மின்சாரத்தில் வந்தது. கூடவே, புற ஊதாக் கதிரை உள்ளே விடும் சிறப்புக் கண்ணாடி. சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், எலும்புக்கு வேண்டிய கதிரை வடிகட்டிவிடும். ஜன்னலோரம் வைத்த ஓணான் வெயிலில் இருக்கிற மாதிரிதான் தெரியும். உண்மையில் அது பட்டினி.

ஹுல்ட்ஷின்ஸ்கியின் விளக்குக்கும் இந்தக் கண்ணாடிக்கும் இடையில் எட்டே வருடம். குழந்தை மருத்துவத்தில் தெரிந்தது இவ்வளவு வேகமாக ஒரு பல்லிக்கு வந்து சேர்ந்ததற்கு புராக்டர்தான் காரணம். அந்தக் கூடத்துக்கு வந்த கொமோடோ டிராகன்களில் சும்பாவா என்பது அவர் கையிலிருந்தே முட்டையும் கோழியும் வாங்கித் தின்னும். அவரோடு மிருகக்காட்சி சாலைக்குள் உலாவும் போகும். 1931இல், முப்பத்துநான்கு வயதில் புராக்டர் இறந்தார்.

அவர் கண்டடைந்தது வீடுகளுக்கு வர இன்னும் அறுபது வருடம் ஆனது. இடைப்பட்ட காலத்தில் கடையில் வாங்கிய குட்டி ஆமைக்குக் காய்ந்த பூச்சித் தீனி, இகுவானாவுக்கு லெட்யூஸ் இலையும் நாய் பிஸ்கட்டும் என்றுதான் ஓடியது. ஓடு மெத்தென்று ஆன ஆமைகளும் தாடை வீங்கிய இகுவானாக்களும் சத்தமில்லாமல் செத்துப்போயின. புற ஊதா பி கதிர் வீசும் குழல் விளக்குகள் ஊர்வனவற்றுக்கென்றே கடைகளுக்கு வந்தது 1990களில். தாடி ஓணான் வீட்டுப் பிராணியாகப் புகழ்பெற்றதும் அதே 1990களில்தான். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சாந்தமான, பகலில் விழித்திருக்கிற, கையில் உட்காருகிற பிராணி என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் விளக்கு இல்லாமல் அந்தக் குட்டிகளைப் பெரிதாக்கியிருக்க முடியாது.

பொடியில் வைட்டமின் டி இருக்கிறதே, விளக்கு எதற்கு? நியாயமான கேள்வி. டச்சு ஆய்வாளர் டென்னிஸ் ஊனிங்க்ஸும் சக ஆய்வாளர்களும் 2010இல் இதற்குப் பதில் சொன்னார்கள். முட்டையிலிருந்து வந்த தாடி ஓணான் குட்டிகளில் சிலவற்றுக்கு வைட்டமினை வாய்வழி கொடுத்தார்கள், சிலவற்றுக்குத் தினம் இரண்டு மணி நேரம் விளக்கு. விளக்கில் இருந்த குட்டிகளின் ரத்தத்தில் வைட்டமின் டி-யின் அளவு பல மடங்கு அதிகம். வாய்வழி கொடுத்தது அந்த உயரத்தை எட்டவே இல்லை. பச்சோந்திகளிடம் இதைவிட அழகான ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள்: உணவில் வைட்டமின் டி குறைவாகக் கிடைத்த பச்சோந்திகள் தாமாகவே புற ஊதா வெளிச்சத்தில் அதிக நேரம் போய் உட்கார்ந்தன. பசித்தவன் சாப்பாட்டைத் தேடுவது போலவே.

சுவர்க்கோழிப் பண்ணை

சரி, வெயில் வந்துவிட்டது. எலும்பு?

சிங்கக் குட்டிக்கு எலும்பை நொறுக்கிப் போட்டார்கள். ஓணான் குட்டி தின்பது பூச்சி. பூச்சிக்கு ஏது எலும்பு? வீட்டுப் பிராணி உலகத்தின் தேசிய உணவு சுவர்க்கோழி, அதாவது ராத்திரியில் சுவரோரம் கிர் கிர் என்று கத்தும் பூச்சி. அமெரிக்காவில் இதைப் பண்ணை வைத்துப் பெருக்கத் தொடங்கியது 1940, 50களில். ஓணானுக்காக இல்லை, மீன் பிடிக்க. ஜார்ஜியா, லூசியானா பக்கத்துத் தூண்டில்காரர்களுக்கான இரை அது. ஊர்வன வளர்ப்பு பெருகியபோது அதே பெட்டிகள் பிராணிக் கடைக்குத் திரும்பின.

தூண்டிலில் கோப்பதற்குப் பூச்சி உயிரோடு இருந்தால் போதும். அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று மீன்காரன் ஏன் கவலைப்பட வேண்டும்? ஆனால் வளரும் குட்டிக்கு அங்கேதான் பிரச்சினை. சுவர்க்கோழியின் உடம்பில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். எலும்பு வளர இரண்டும் குறைந்தது சமமாகவாவது இருக்க வேண்டும், கால்சியம் இரண்டு பங்கு இருந்தால் இன்னும் நல்லது. வெறும் சுவர்க்கோழியைத் தின்று வளரும் குட்டி, தின்னத் தின்ன நோஞ்சான் ஆகும். தட்டு நிறைய இருந்தும் பட்டினி.

வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சி சாலையின் மேரி ஆலனும் ஓலவ் ஆஃப்டெடலும் 1989இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் ஒரு திருப்பம். அவர்கள் ஓணானை விட்டுவிட்டு சுவர்க்கோழிக்கு என்ன தீனி போடுகிறோம் என்று பார்த்தார்கள். சுவர்க்கோழியின் தீனியில் கால்சியத்தை எட்டு சதவீதம் அளவுக்கு ஏற்றி, ஒன்றிரண்டு நாள் தின்னவிட்டால், அதன் குடல் நிறையக் கால்சியம் சேர்கிறது. அந்தச் சமயத்தில் அதை இரையாகக் கொடுத்தால் பாஸ்பரஸுக்கு ஈடாகக் கால்சியமும் ஓணானின் வயிற்றுக்குப் போகும். இரையின் வயிறு ஒரு பாத்திரம், அவ்வளவுதான். இன்று இதை கட்-லோடிங் என்கிறார்கள். மேலே தூவும் பொடியும் உள்ளே அடைக்கும் தீனியும் சேர்ந்துதான் நொறுக்கிய எலும்புக்கு ஈடு.

காட்டில் இதையெல்லாம் யார் செய்தார்கள் என்று கேட்கலாம். யாரும் செய்யவில்லை. அங்கே ஒரே பூச்சியைத் தினமும் தின்பதும் இல்லை. எறும்பு, வண்டு, புழு, வெட்டுக்கிளி, அதனதன் வயிற்றில் அதனதன் இலையும் மண்ணும். மேலே நாள் முழுக்க வெயில். பண்ணை அந்தக் கூட்டத்தையெல்லாம் ஒரே ஒரு பூச்சியாகச் சுருக்கிவிட்டது.

ஒன்றையே நம்பினால் என்ன ஆகும் என்பதும் ஒருநாள் தெரிந்தது. 2009, 2010 வாக்கில் வட அமெரிக்கச் சுவர்க்கோழிப் பண்ணைகளில் டென்சோவைரஸ் புகுந்தது. ஐரோப்பாவில் அது முன்பே நாசம் செய்திருந்தது. பூச்சிகள் மல்லாந்து விழுந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. பண்ணைகள் மூடின, சில மொத்தமாகத் திவாலாகின. ஓணான் வளர்த்தவர்கள் கடை கடையாக அலைந்தார்கள். டூபியா கரப்பான், பிளாக் சோல்ஜர் ஈயின் புழு போன்றவற்றுக்குப் பலரும் மாறினார்கள். இந்தப் புழுவில் பொடி தூவாமலேயே கால்சியம் அதிகம். வைரஸ் வந்துதான் தட்டில் இரண்டாவது பதார்த்தம் வைக்கத் தோன்றியது.

மின்மினி

பல பூச்சிகள் வேண்டும் என்றால் தோட்டத்தில் பிடித்துப் போடலாமே? பலர் போட்டார்கள். இந்த வரலாற்றிலேயே எனக்கு மறக்க முடியாத பகுதி இதுதான்.

1990களில் அமெரிக்காவில் சில தாடி ஓணான்கள் திடீரென்று செத்தன. வாயை அகலத் திறக்கும், தலையை உதறும், உடம்பு கருக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். விசாரித்தால் எல்லாக் கதையிலும் ஒரு மின்மினி இருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1999இல் இதை வெளியிட்டார்கள். ஃபோட்டினஸ் வகை வட அமெரிக்க மின்மினியின் உடம்பில் லூசிபுஃபாகின் என்ற நஞ்சு உண்டு. தேரையின் நஞ்சுக்கு நெருங்கிய சொந்தம், இதயத்தைத் தாக்கும். ஒரே ஒரு மின்மினி ஒரு ஓணானுக்குப் போதும்.

அந்த ஊர்ப் பல்லிகளும் பறவைகளும் பெரும்பாலும் மின்மினியைத் தொடுவதில்லை. தாடி ஓணானுக்கு அந்தப் பாடம் யாரும் சொல்லித் தரவில்லை. அதன் மூதாதையர் ஃபோட்டினஸைப் பார்த்ததே இல்லை. அசைவதைக் கண்டால் கவ்வு என்பதுதான் செம்மண் நிலத்தில் கற்றது. அந்தப் பழக்கமே இங்கே கொன்றுவிட்டது. தன் ஊரில் சரியாக இருந்த பசி, அயலூரில் தவறிப்போகிறது. புலம்பெயர்ந்தவர்களைப் பற்றி நாம் எத்தனையோ எழுதியிருக்கிறோம். ஒரு ஓணானின் கதையில் அது இவ்வளவு வெளிப்படையாக நடந்துவிடுகிறது.

வளர வளர இலை

இதுவரை குட்டியைப் பற்றித்தான் பேசினோம். குட்டி வளர்கிறது. தட்டும் மாற வேண்டும்.

அமெரிக்க விலங்கியலாளர் ஹார்வி பஃப் 1973இல் ஒரு எளிய விஷயத்தைக் கவனித்து எழுதினார். ஐம்பது, நூறு கிராமுக்குக் குறைவான பல்லி வகைகள் ஏறக்குறைய எல்லாமே பூச்சி தின்பவை. முந்நூறு கிராமைத் தாண்டிய பல்லிகள், உடும்பு போன்ற வேட்டைக்காரர்களைத் தவிர்த்தால், ஏறக்குறைய எல்லாமே இலை தின்பவை. காரணம் வரவு செலவுக் கணக்கு. சின்ன உடம்பு ஒவ்வொரு கிராமுக்கும் அதிகம் எரிக்கும், அதற்குச் செறிவான தீனி வேண்டும். பெரிய உடம்பு ஒரு சின்னப் பூச்சியைத் துரத்திப் பிடித்தால் ஓடிய ஓட்டத்துக்கே கட்டுபடியாகாது. இலை ஓடாது. பிறகு வந்தவர்கள் இதற்கு விதிவிலக்குகளும் கண்டுபிடித்தார்கள். ஆண்டிஸ் மலைக் குளிரில் சின்னஞ்சிறு பல்லிகளே இலை தின்று வாழ்கின்றன என்று 2004இல் ஒரு ஆய்வு வந்தது. ஆனால் தாடி ஓணானுக்கு பஃப் சொன்னது அச்சாகப் பொருந்துகிறது. மூன்று கிராமில் தொடங்கி முந்நூறைத் தாண்டும் உயிர், அந்தக் கணக்கின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே ஆயுளில் நடந்துபோகிறது.

1989இல் மேற்கு நியூ சவுத் வேல்ஸ் வறண்ட நிலத்துப் பல்லிகளைப் பற்றி வெளியான ஆய்வும் இதையே சொன்னது: வளர்ந்த ஓணான்களின் வயிற்றில் பெரும்பகுதி செடி, குட்டிகளின் வயிற்றில் பூச்சியும் செடியும் கலந்து. 1990களில் பிலிப் டி வோஸ்ஜோலி, ராபர்ட் மெய்யூ போன்ற அமெரிக்க வளர்ப்பாளர்கள் எழுதிய கையேடுகள் வழியாக வயதுக்கேற்ற தீனி என்ற எண்ணம் வீடுகளுக்குப் பரவியது. குட்டிக்குத் தினம் இரண்டு மூன்று வேளை பூச்சி, கூடவே பொடியாக நறுக்கிய கீரை. வளர்ந்ததற்குத் தினமும் இலையும் காயும், பூச்சி சில நாட்களுக்கு ஒருமுறை. பூச்சியின் அளவு ஓணானின் இரண்டு கண்ணுக்கும் நடுவிலுள்ள தூரத்தைத் தாண்டக் கூடாது.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. முன்பு சொன்ன ஊனிங்க்ஸ் குழுவே 2015இல் காட்டில் வாழும் பதினான்கு தாடி ஓணான்களின் வயிற்றைப் பார்த்தது. செடி சிறு பங்குதான். பெரும்பகுதி கறையான்! அப்படியானால் கையேடு பொய்யா? அப்படிச் சொல்ல முடியாது. வறண்ட நிலத்தில் தட்டு என்று ஒன்று நிலையாகக் கிடையாது. கறையான் கிளம்பும் நாளில் வயிறு முட்டக் கறையான். ஒன்றும் இல்லாத வாரத்தில் காய்ந்த இலை. சில நாள் அதுவும் இல்லை. எது வந்தாலும் வாரிக்கொள், நாளைக்கு இருக்காது. அந்த நிலம் ஓணானுக்குக் கற்றுத்தந்தது இவ்வளவுதான்.

வீட்டில் நாளைக்கும் இருக்கிறது, நாளை மறுநாளும் இருக்கிறது. வளர்ந்த ஓணானுக்கும் குட்டிக்குப் போட்ட மாதிரியே பூச்சியை அள்ளிப் போட்டால் அது மறுக்காது. ஓடத் தேவையில்லாத தொட்டியில் கொழுப்பு ஈரலில் சேரும். கொழுத்த ஈரல் இன்று வளர்ப்புத் தாடி ஓணான்களிடம் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் நோய்களில் ஒன்று. குட்டிக்கு எமன் குறைவு என்றால், வளர்ந்ததற்கு எமன் நிறைவு. குட்டி ரிக்கெட்ஸ் வந்த அந்தக் காலச் சேரிக் குழந்தை மாதிரி. வளர்ந்த ஓணான், நாற்காலியை விட்டு எழாத நம்மில் பலரை மாதிரி. இருநூறு வருட நகர வாழ்க்கையில் மனித உடம்பு கடந்துவந்த இரண்டு நோய்க் காலங்களும் இந்தச் சின்ன உடம்பில் ஒன்றரை வருட இடைவெளியில் வந்துவிடுகின்றன.

ஒரு நாள் சாப்பாடு

இன்று ஒரு தாடி ஓணானுக்கு ஒழுங்காகச் சாப்பாடு வைக்கும் வீட்டைக் கவனித்துப் பாருங்கள். காலையில் விளக்கைப் போடுகிறார்கள். அது பெர்லின் குழந்தைகள் முன் எரிந்த விளக்கு. தொட்டியின் ஒரு பக்கம் மட்டும் சுடுகிறது. அது ஜோன் புராக்டர் போட்ட கணக்கு. முந்தின நாளே சுவர்க்கோழிக்குத் தீனி போட்டு வைத்திருக்கிறார்கள்; அது வாஷிங்டனிலிருந்து வந்தது. பொடி தூவுகிறார்கள், அது செத்துப்போன சிங்கக் குட்டிகள் விட்டுப்போனது. வளர்ந்த ஓணானுக்கு முதலில் கீரைத் தட்டு, பூச்சி பிறகு. தோட்டத்தில் பறக்கும் எதையும் பிடித்துப் போடுவதில்லை. இதில் ஒன்றுகூட யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு கூண்டில், ஏதோ ஒரு வீட்டில், ஒரு குழந்தையோ குட்டியோ வளைந்திருக்கிறது.

இவ்வளவும் சேர்த்தால் என்ன கிடைக்கிறது? நடு ஆஸ்திரேலியாவின் ஒரு சாதாரண காலைப் பொழுது, அதுவும் ஏறக்குறைய. அங்கே ஒரு வேலிக் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்தால் இவை அத்தனையும் இலவசமாக வரும். அந்த ஒரு காலையைத் துண்டு துண்டாகத் திருப்பிக் கட்ட நமக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இன்னும் முடியவில்லை. பெரும்பாலான கடைகளில் கறையான் கிடைப்பதில்லை.